எதுக்குச் சிரிச்சீங்க, மாமா?

எலியேசர் மாமா சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போய்விடும். கன்னம் மேலேறி, இமை இறங்கி, ஒரு கோடுதான் மிஞ்சும். அதனால் அவதிப்பட்டது நான்.

எங்கள் செம்புச் சுரங்கத்தில் ஒவ்வொரு லாரியிலும் ஓட்டுநரின் முகத்துக்கு எதிரே சின்னதாக ஒரு கேமரா இருக்கிறது. கண் ஒன்றரை விநாடிக்கு மேல் மூடியிருந்தால் சீட்டு தடதடவென்று அதிரும். கூடவே அந்தக் காட்சி சுரங்கத்தை அடுத்த கலாமா நகர அறையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு வந்துவிடும். பார்த்துவிட்டு நான் ஒரு பட்டனைத் தட்ட வேண்டும்: தூக்கம், தும்மல், சிரிப்பு. தூக்கமென்றால் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டு ஓரங்கட்டச் சொல்வேன். கறுப்புக் கண்ணாடி போட்டு ஓட்டுநர்கள் கேமராவை ஏமாற்றப் பார்த்தார்கள். கண்ணாடிக்குள்ளும் அது பார்த்தது.

மாமா முதல் வாரமே அதன்மேல் சூயிங்கம்மை ஒட்டினார். மேலதிகாரி திட்டிய பிறகு வயர்லெஸ்ஸில் என்னை வம்புக்கு இழுத்தார். "யாஸ்னா, என் பொண்டாட்டிகூட என்னை இவ்வளவு நேரம் பார்த்ததில்ல. இருபத்தாறு வருஷமா ஓட்டுறேன், ஒரு நாள் கண்ணசந்ததில்ல. என் பொண்ணு நயரெத்தைக் கேளு." நயரெத்தும் அங்கேதான் இருக்கிறாள். புழுதி அடங்கப் பாதையில் தண்ணீர் தெளிக்கும் லாரி அவளுடையது.

மாமாவிடமிருந்து மட்டும் ஒரு நாளைக்குப் பத்து அலாரம் வரும். பத்தும் சிரிப்பு. சில மாதங்களில் எனக்கு அலுத்துவிட்டது. அவர் லாரி எண்ணைப் பார்த்ததும், காட்சியைப் பார்க்காமலே சிரிப்பைத் தட்டத் தொடங்கினேன்.

ஒரு திங்கட்கிழமை. திங்களென்றால் கேன்டீனில் ஸ்பாகெட்டி போட்ட பீன்ஸ்தான். அதைத் தின்றவர்கள் இரண்டரை மணிக்குத் தூக்கத்தோடு படும் பாடு எனக்குத்தான் தெரியும். மாமாவின் அலாரம் வந்தபோது என் கையில் அவகாடோ தடவிய ரொட்டி. அதைக் கீழே வைப்பதற்குள் காட்சி ஓடத் தொடங்கிவிட்டது. கண் கோடாக இருந்தது. ஆனால் பல் தெரியவில்லை.

"மாமா, கண்ணு மூடிச்சு."

"சிரிச்சேன் பொண்ணே. உனக்குத் தெரியாததா?"

"எதுக்குச் சிரிச்சீங்க?"

வயர்லெஸ்ஸை வாய்க்கு இன்னும் அருகில் கொண்டுபோனேன்.

"எதுக்குச் சிரிச்சீங்க, மாமா?"

"தெரியலையே." குரல் இறங்கிவிட்டது. "மேல வளைவுல இருந்தேன். அப்புறம் சீட்டு அதிர்ந்துச்சு. நடுவுல ஒண்ணுமே ஞாபகமில்ல."

"ஓரங்கட்டுங்க."

மறுபேச்சில்லாமல் ஓரங்கட்டினார். வேலை முடிந்ததும் புழுதிச் சட்டையோடு நேரே என் அறைக்கு வந்தார். "காட்டு," என்றார்.

திரையில் ஒரு பக்கம் அவர் முகம், மறுபக்கம் பாதை. இறக்கத்தில் தூரத்தில் தண்ணீர் லாரி தெரிந்தது. அது பெரிதாகிக்கொண்டே வந்தது. மாமாவின் முகம் தொட்டில் குழந்தை மாதிரி அமைதியாக இருந்தது. சீட்டு அதிர்ந்தது, தலை தூக்கி பிரேக்கை மிதித்தார். தண்ணீர் லாரிக்கு இருபது மீட்டர் இருந்தது.

மூன்று முறை போடச் சொல்லிப் பார்த்தார்.

"நயரெத் பார்த்தாளா?"

"இல்ல மாமா. அவளுக்குத் தெரியாது."

"தூங்கினதே இல்லன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். தூங்கினவனுக்கு எப்படித் தெரியும்?" முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கையில் ரொட்டி இல்லையென்றால் பார்க்காமலே சிரிப்பைத் தட்டியிருப்பேன் என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை. இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அந்தக் கேமராவை மனதாரக் கும்பிடத் தோன்றுகிறது. அவர் சிரிப்பில் ஆயிரம் முறை ஏமாந்த பிறகும், என்னைக் கேட்காமல், அன்றைக்கும் அது சீட்டை உலுக்கியிருக்கிறது.

அதன்பின் அலாரம் அடித்தால் நான் கூப்பிடும் முன்பே மாமா கூப்பிடுவார். "சிரிப்புதான் யாஸ்னா, கேளு." எதற்குச் சிரித்தார் என்று அந்த ஜோக்கை முழுதாகச் சொல்வார். பாதிரியார் கழுதை வாங்கிய கதையை ஏழு முறை கேட்டுவிட்டேன். கடைசி வரை கேட்டுவிட்டுத்தான் பட்டனைத் தட்டுவேன்.

போன திங்கட்கிழமை அலாரம் அடித்தது. ஜோக்குக்காகக் காத்திருந்தேன்.

"சொல்றதுக்கு ஒண்ணுமில்ல பொண்ணே," என்றார். "வண்டியை ஓரங்கட்டிட்டேன்."

தூக்கம் என்ற பட்டனைத் தட்டினேன்.