ஒன் சைட் பேப்பர்

மகள் வெண்பா படம் வரைவதற்கென்று வள்ளி ஒரு நாளும் காகிதம் வாங்கியதில்லை. அமெரிக்காவில், அவர்கள் இருந்த குபெர்டினோவில் வரைதாள் கட்டுக் கட்டாக விற்கத்தான் விற்கிறார்கள். வள்ளி அதைக் கையில் எடுப்பாள், புரட்டுவாள், இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று கிடப்பதைப் பார்த்ததும் மனசு வராமல் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவாள். "ரெண்டு பக்கமும் சும்மா கெடக்கற பேப்பர்ல கிறுக்கறதுக்கு இவ என்ன கலெக்டருங்களா?" என்பாள். அவள் கணவன் வேலுமணியும் அதை மறுத்துப் பேசியதில்லை.

வீட்டுக்கு வேண்டிய காகிதம் அவனுடைய ஆபீசிலிருந்து வந்தது. அங்கே பிரிண்டருக்குப் பக்கத்தில் ஒரு நீலப் பெட்டி. அச்சடித்துவிட்டு எடுக்க மறந்தது, இரண்டு தடவை அச்சானது, ஒரு வரி தப்பாகிவிட்டதென்று தூக்கிப் போட்டது, எல்லாம் அதில் விழும். திங்களும் வியாழனும் சாயங்காலம் கிளம்பும்போது வேலுமணி ஒரு கை அள்ளிப் பையில் போட்டுக்கொள்வான். குப்பைக்குப் போகிற காகிதம், யார் என்ன சொல்ல முடியும்? இது பரம்பரைப் பழக்கம் வேறு. பெருந்துறையில் இருக்கும் அவன் அப்பா மாரிசாமி இன்றைக்கும் அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதுவது கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில்தான். படித்து முடித்துத் திருப்பினால் யாருக்குக் கல்யாணம் என்பதும் தெரிந்துவிடும்.

ஆபீஸ் காகிதத்தைத் திருப்பிப் பார்க்கிற வழக்கம் மட்டும் அந்த வீட்டில் கிடையாது. அந்தப் பக்கம் முழுக்கக் கம்ப்யூட்டர் சமாச்சாரம். அதை யார் உட்கார்ந்து படிப்பது?

இந்தப் பக்கத்தில் ஐந்து வயது வெண்பா ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தாள். ஒரு வீடு. வாசலில் அம்மா, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வெண்பா. வலது ஓரத்தில் ஒரு நீலக் கார், அதற்குள் மிளகு அளவுக்கு ஒரு தலை. அது அப்பா. கார் எப்போதும் தாளை விட்டு வெளியே போய்க்கொண்டிருக்கும். சில நாள் பாதி போயே போயிருக்கும்.

"ஏங் கண்ணு, அப்பாவை ஒரு நாளைக்காச்சும் கார்லருந்து எறக்கி உட்டு வரையறது?" என்று வள்ளி கேட்டுப் பார்த்தாள்.

"ஹீ இஸ் கோயிங் டு வொர்க்," என்றாள் வெண்பா. தமிழ் அவளுக்கு நன்றாகப் புரியும். பதில் மட்டும் இங்கிலீஷில் வரும்.

அது 2001, மார்ச் மாதம். தினம் ஒரு கம்பெனி ஆளைக் குறைத்துக்கொண்டிருந்த நேரம். நாலு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்தால் சௌக்கியமா என்று கேட்பதை விட்டுவிட்டு, "உங்க கம்பெனில எப்படிங்க?" என்று கேட்டார்கள். வேலுமணி இருந்தது வேலைக்கான விசாவில். வேலை போனால் விசாவும் கூடவே போகும். கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணி மூன்று வருஷம் ஆகிறது, இன்னும் ஆறு மாசம் தள்ளிவிட்டால் கைக்கு வந்துவிடும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அந்த ஆறு மாசத்துக்காக வள்ளி சென்னிமலை முருகனுக்கு முடிந்து வைத்த மஞ்சள் துணி, அரிசி டப்பாவுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது.

இந்த லட்சணத்தில்தான் கிண்டர்கார்டன் டீச்சரிடமிருந்து நோட்டீஸ் வந்தது. குழந்தை மெழுகுக் கலரில் அழுத்தமாக ஒரு படம் வரைய வேண்டும். பெற்றோர் அதைச் சதுரமாக வெட்டி, பின்பக்கத்தில் பஞ்சால் எண்ணெய் தடவ வேண்டும். காகிதம் கண்ணாடி மாதிரி ஆகி வெளிச்சம் ஊடுருவும். வகுப்பு ஜன்னலில் ஒட்டி வெள்ளிக்கிழமை வரை வைத்திருப்பார்கள். குடும்பமாகச் சேர்ந்து செய்யுங்கள் என்று கடைசியில் அடிக்கோடு போட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை குடும்பமாகச் சேர்ந்து செய்தார்கள். வெண்பா வியாழக்கிழமை வந்த கட்டிலிருந்து ஒரு தாளை உருவி, வழக்கமான வீடு, வழக்கமான கார் என்று ஒரு மணி நேரம் நாக்கைத் துருத்திக்கொண்டு வரைந்தாள். வேலுமணி அளவு பார்த்து அடியில் நாலு விரல் அகலத்துக்கு வெட்டி எடுத்தான். வள்ளி தாளைக் கவிழ்த்துப் போட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினாள். தாள் அவள் பக்கம் தலைகீழாக இருந்தது. வரிசையாகப் பேர்கள் தெரிந்தன. ஆபீஸ் பாட்லக்குக்கு யார் யார் என்ன சமைத்துக்கொண்டு வருகிறார்கள் என்ற லிஸ்ட்டாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அவளுடைய கவலையெல்லாம் எண்ணெய் கார்ப்பெட்டில் சொட்டிவிடக் கூடாது என்பதில் இருந்தது.

வெட்டிய துண்டை வெண்பா சும்மா விடவில்லை. அதில் ஒரு சிவப்புப் பூ வரைந்து அப்பாவிடம் கொடுத்து, "ஃபார் யுவர் ஆபீஸ்," என்றாள். திங்கட்கிழமை காலையில் வேலுமணி அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

புதன்கிழமை பதினொன்றே முக்காலுக்கு வள்ளி ஸ்கூல் வாசலில் போய் நின்றாள். குழந்தைகளை வெளியே விட இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. படங்களெல்லாம் ஜன்னலில் வகுப்பைப் பார்த்தபடி ஒட்டியிருந்தன. வெளியே நிற்கிற அம்மாக்களுக்குத் தெரிவது பின்பக்கம். மற்ற குழந்தைகளின் தாள்களில் பின்பக்கம் என்று ஒன்றும் இல்லை, வெறும் கலர் வெளிச்சம். வெண்பாவின் தாளில் மட்டும் எண்ணெய் குடித்த எழுத்துகள், மை போட்டு எழுதியது போல எடுப்பாக நின்றன.

மேலே கொட்டை எழுத்தில் 'ரகசியம்' என்று இங்கிலீஷில் இருந்தது. அதற்குக் கீழே, மார்ச் 23, வெள்ளிக்கிழமை வேலையிலிருந்து நீக்கப்படுவோர். அதற்குக் கீழே பேர்கள், அகரவரிசையில். ஆண்டர்சன், பேக்கர், சென், டேவிஸ் என்று போய், லீ என்ற பேரோடு தாள் முடிந்தது. முடியவில்லை. வேலுமணியின் கத்தரி அங்கே வெட்டியிருந்தது.

அமெரிக்க ஆபீசில் கடைசிப் பேரை வைத்துத்தான் வரிசை போடுவார்கள். வேலுமணிக்குக் கடைசிப் பேர் அவன் அப்பாவுடைய பேர். லீக்கு அடுத்த எழுத்தில்தான் மாரிசாமி வர வேண்டும், வருவதாக இருந்தால்.

அந்த நேரம் பார்த்து நாகலக்ஷ்மி வந்து சேர்ந்தாள். அவள் பையனும் அதே வகுப்பு. அவள் கணவன் சேனாபதிக்கும் வேலுமணிக்கும் ஒரே கம்பெனி. ஆபீசில் சேனாபதி என்பதுதான் அவனுக்குக் கடைசிப் பேர், அகரவரிசையில் அதற்கும் இடம் வெட்டிய துண்டில்தான். வள்ளி சட்டென்று திரும்பி, முதுகை ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள்.

"என்ன வள்ளி, ஜன்னலுக்கு முட்டுக் குடுத்துட்டு நிக்கற?"

"குளுருதுங்கக்கா. இங்க வெயில் நல்லா உளுகுது."

"வேர்த்துக் கொட்டுது உனக்கு."

"ஆமாங்கக்கா, இப்பக் கொஞ்சம் பரவால்ல."

நாகலக்ஷ்மி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, யாரோ வீட்டு சீமந்தத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். மணி அடிக்கிற வரை வள்ளி ஜன்னலை விட்டு ஓர் அங்குலம் நகரவில்லை. எல்லோரும் போன பிறகு உள்ளே ஓடிப் போய், படத்தை எடுத்துக்கொள்ளலாமா என்று டீச்சரிடம் கேட்டாள். டீச்சர் பதில் சொல்வதற்குள் வெண்பா சொல்லிவிட்டாள்.

"நோ! இட்ஸ் அன்டில் ஃப்ரைடே!"

"இல்ல சாமி, அம்மா வேற வரைஞ்சு..."

"நோ! எவ்ரிபடீஸ் இஸ் ஸ்டேயிங்!" என்று கீழே உட்கார்ந்தே விட்டாள். கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. அந்தப் படத்தில் அவள் ஒரு மணி நேரம் உழைத்திருந்தாள், அவளுக்கு அது ஒரு வாரச் சம்பளம் மாதிரி. டீச்சர் வள்ளியைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த எழுத்தெல்லாம் ஒளியில் மிக அழகாக இருக்கிறது, புதுமையான யோசனை, வகுப்பும் நல்ல வாசனையாக இருக்கிறது என்று பாராட்டினார்.

கடைசியில் பேச்சுவார்த்தை நடந்தது. படம் இருக்கலாம், ஆனால் மழை வருகிற மாதிரி பின்பக்கம் ஒரு மேகம் ஒட்ட வேண்டும் என்றாள் வள்ளி. எத்தனை பெரிய மேகம் என்று கேட்டாள் வெண்பா. தாள் அளவுக்கு. வெண்பா யோசித்து, சரி என்று தலையாட்டினாள். டீச்சரிடம் கறுப்புக் காகிதம் வாங்கி ஒட்டினார்கள். அந்த ஜன்னலில் வெளிச்சம் ஊடுருவாத ஒரே படம் அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் வள்ளி போனை எடுத்தாள்.

"ஏனுங்க, அந்தப் பூவு இருக்குதுங்களா?"

"எந்தப் பூவு?"

"வெண்பா குடுத்ததுங்க. அதைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க."

அந்தப் பக்கம் யாரோ தூரத்தில் இருமினார்கள்.

"பாத்துட்டன் வள்ளி," என்றான் வேலுமணி. "திங்கக்கெழமையே பாத்துட்டன். டேப் ஒட்டறதுக்குத் திருப்புனேன்."

"பேரு இருக்குதுங்களா?"

"மொதல் பேரே அதுதான். சேனாபதி பேரு இல்ல."

பெருந்துறையிலிருந்து ஈரோட்டுக்குப் பஸ் ஏறுவதற்கே நாள் பார்க்கிற மாரிசாமியை அமெரிக்காவில் ஒரு கம்பெனி வேலையை விட்டு நீக்கியிருந்தது. வள்ளிக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. மூன்று நாளாக இந்த மனுஷன் வந்தான், சாப்பிட்டான், ரசத்தில் உப்புக் கம்மி என்றான், குழந்தைக்குப் பல் தேய்த்துவிட்டான், ஒரு வார்த்தை விடவில்லை.

"ஏனுங்க, எங்கிட்டச் சொல்றதுக்கு என்னங்க? நானு மனுசி இல்லீங்களா?"

"வெள்ளிக்கெழமை அவிங்களே சொல்லப் போறாங்க. அதுவரைக்கும் நீயாச்சும் நிம்மதியாத் தூங்கட்டும்னு இருந்தன்."

"அதைக் கிழிச்சுப் போடாம எதுக்குங்க கண்ணுக்கு நேரா ஒட்டி வெச்சுட்டு உக்காந்திருக்கறீங்க?"

"எப்படிக் கிழிக்கறது? நம்ம புள்ள வரைஞ்சது," என்றான் வேலுமணி.

வள்ளி போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து மஞ்சள் துணியை எடுத்தாள். அவிழ்க்கலாமா என்று பார்த்தாள். முருகன் என்ன பண்ணுவான் பாவம், அவனுக்கும் ஆறு மாசம் டைம் இருக்கிறது என்று திரும்ப வைத்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கெல்லாம் நீலக் கார் வாசலில் வந்து நின்றது. ஆளுக்கு ஓர் அட்டைப் பெட்டி கொடுத்து, சொந்தச் சாமான்களை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் போட்டோவும் காப்பிக் கோப்பையும் தொட்டிச் செடியும் கொண்டு போனார்களாம். வேலுமணி இறக்கிய பெட்டியை வள்ளியால் தூக்க முடியவில்லை.

"என்னங்க இது, கல்லாட்டம் கனக்குது?"

"பேப்பர்," என்றான் வேலுமணி. "ஒன் சைடு. நீலப் பெட்டியில இருந்த அத்தனையும் அள்ளிட்டன். இனிமே எங்க போறது?"

மேலாக அந்தச் சிவப்புப் பூ இருந்தது, டேப்போடு. வள்ளி அதை எடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டினாள். பூப் பக்கம் வெளியே தெரியும்படிதான்.

அதன் பிறகு இருவரும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்த்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் சேர்ந்து உட்கார்ந்து படித்தது அதுதான் முதல் தடவை. கம்ப்யூட்டர் வரிகள், கான்டீன் மெனு, யாரோ ஒருவருடைய பயோடேட்டா நாலு பிரதி.

"இன்னொரு வேலை கெடைக்காட்டி?" என்றாள் வள்ளி, கையில் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டே.

"ஊருக்குத்தான்."

"இவ ஸ்கூலு?"

"அதான் தெரியல வள்ளி. பயமாத்தான் இருக்குது." அவன் அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தவள் நகர்ந்து பக்கத்தில் வந்து, மீதித் தாள்களில் பாதியை எடுத்துக்கொண்டாள்.

பன்னிரண்டு மணிக்கு வெண்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தபோது அவள் கையில் மேகம் ஒட்டிய படம் இருந்தது. வாசலில் காரைப் பார்த்தாள், சோபாவில் அப்பாவைப் பார்த்தாள். படத்தைக் கீழே போட்டுவிட்டு நின்றாள்.

"டாடி! இட்ஸ் நாட் நைட்!"

"ஆமா சாமி. வந்துட்டன்."

"டுமாரோ?"

"நாளைக்கும் இங்கதான்."

"மண்டே?"

வேலுமணி வள்ளியைப் பார்த்தான். வள்ளி ஃபிரிட்ஜைப் பார்த்தாள்.

"திங்கக்கெழமையும்தான்," என்றான் வேலுமணி.

வெண்பா குதித்த குதியில் கீழ் வீட்டுக்காரர் கூரையைத் தட்டினார். அன்றைக்கு அந்தச் செய்தியைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவள்தான். ஓடிப் போய்க் கலர் டப்பாவை எடுத்து வந்து அப்பாவுக்கு எதிரே தரையில் குப்புறப் படுத்துக்கொண்டாள்.

"டோன்ட் மூவ்," என்றாள்.

"நகுறல சாமி. எங்கயும் போகல. நீ வரை."

அவன் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தான். வெண்பா காரை வரையவில்லை. வீட்டையும் வரையவில்லை, அதற்குத் தாளில் இடம் இல்லை. காலில் ஆரம்பித்துக் கழுத்து வரை வந்தபோதே காகிதம் தீர்ந்துவிட்டது. நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். வள்ளி பெட்டியிலிருந்து இன்னொரு தாளை எடுத்து, திருப்பிப் பார்த்துவிட்டு, அப்பாவின் தலைக்காக மேலே ஒட்டிக் கொடுத்தாள்.