சாலையைக் கடந்த வீடு

எங்கள் மாவட்டத்தில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. சமையலறைப் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு வந்து காபி இருக்கிறதா என்று கேட்பார்கள், அவ்வளவுதான். தட்டினால் ஓட்டுக் கேட்க வந்த அசலூர்க்காரன் என்று அர்த்தம். வாசற்கதவு என்று ஒன்று இருக்கிறது, கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்க.

என் தங்கை கோரின் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். புருஷன் விட்டுப் போனபின் இரண்டு பிள்ளைகளோடு ஒரு ஓட்டைத் தகர டிரெய்லர் வீட்டில் குடியிருந்தாள். நெப்ராஸ்காக் குளிரில் அதன் குழாய்கள் உறைந்து வெடிக்கும். எங்கள் சாலையோரத்து விவசாயி எமில் குசெராவின் மனைவியைக் கடைசிவரை குளிப்பாட்டி, ஊட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டவள் இவள்தான். அதனால் எமில், மகள் வீட்டோடு போய்விட முடிவு செய்தபோது, தன் வெள்ளை மரவீட்டைக் கோரினுக்குத்தான் விற்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். கையில் காசில்லாதவளுக்கு ஒரே வழி, கிராமப்புறத்தில் வீடு வாங்குகிறவர்களுக்கு அரசாங்கம் முன்பணமே கேட்காமல் தருகிற கடன். அவள் சம்பளம் அதற்குப் பொருந்தியது, வீட்டின் விலையும் பொருந்தியது.

எது கிராமம் என்று காட்டும் அரசாங்க வரைபடம்தான் பொருந்தவில்லை. ஊர் வளர்ந்துவிட்டதாம். எங்கள் மண்சாலைக்கு நடுவே கோடு போட்டு, மேற்கே நகரம், கிழக்கே கிராமம் என்று பிரித்துவிட்டார்கள். எமிலின் வீடு மேற்கே இருந்தது. மூன்று பக்கமும் சோளம், வேலியோரம் மாடு, அது நகரமாம்! வந்த ஆத்திரத்தில் கடன் அலுவலகத்து டீட்ராவிடம் கத்தித் தீர்த்தேன். அவள் பாவம், என்ன செய்வாள்? வீடு ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்திருந்தால் இந்நேரம் கையெழுத்துப் போட்டிருப்பேன் என்று வருத்தத்தோடு சொன்னாள்.

அன்று சாயங்காலம் எமிலின் சமையலறையில் கோரின் அழுதுகொண்டிருந்தாள். எமில் ஜன்னல் வழியே எதிர்ப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் அவர் நிலம்தான்.

"அப்ப வீட்டத் தூக்கி அந்தப் பக்கம் வெச்சிட்டாப் போச்சு," என்றார்.

நான் சிரித்தேன். மனுஷன் சிரிக்கவில்லை. எங்கள் சமவெளியில் வீட்டைச் சக்கரத்தில் ஏற்றி இழுத்துப் போவது புதிதொன்றும் இல்லை. ஆனால் ஒரு சாலையைத் தாண்டுவதற்காகவா? டீட்ராவிடம் கேட்டோம். புது அஸ்திவாரத்தில் விரிசலில்லாமல் நின்றால் கடன் உண்டு, சுவர் பிளந்தால் கிடையாது என்று மேலிடத்தில் விசாரித்துச் சொன்னாள்.

மாவட்டச் சாலைகளைச் சமன்படுத்தும் வண்டி ஓட்டுவது என் பிழைப்பு. அதனால் அன்றைக்குச் சாலையை மறிக்கும் வேலை எனக்கு. வீடு பெயர்க்கும் ராஸ்முசனின் ஆட்கள் அடியில் இரும்பு உத்தரங்களைக் கொடுத்து மெல்ல எழுப்பினார்கள். எத்தனையோ பார்த்த நானே வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். வீட்டுக்கு அடியில் வானம் தெரிந்தது. ஜன்னலில் எமில் மனைவி பின்னிய திரைச்சீலை அசையாமல் தொங்கியது. ஊரே கூடியிருந்தது. ஆண்கள் ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள், எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

சக்கரங்களில் ஏற்றி லாரியால் இழுத்தபோது, நடுச்சாலையில் வீடு நின்றுவிட்டது. வெள்ளைச் சுவரில் தூசி படியக்கூடாதென்று எமில் விடியற்காலையிலேயே சாலை முழுக்கத் தண்ணீர் அடித்து வைத்திருக்கிறார்! எங்கள் ஊரில் யாராயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஈர மண்ணில் ஒரு பக்கத்துச் சக்கரங்கள் இறங்கின. வீடு சாய்ந்தது. உள்ளே மரம் முனகும் சத்தம் கேட்டது.

கோரின் என் கையை இறுக்கிப் பிடித்தாள். "அக்கா, வீடு பொளந்துருமா?"

அவள் கையை விடாமல் ராஸ்முசனிடம் இழுத்துக்கொண்டு ஓடினேன்.

ராஸ்முசன் டிராக்டர்கள் வேண்டும் என்றார். வயல்களிலிருந்து ஒவ்வொன்றாக வந்தன. வேலித் தகராறில் எமிலோடு முகம் கொடுத்துப் பேசாத லெஸ்டர்கூடத் தன் பெரிய டிராக்டரைக் கொண்டுவந்து, பேசாமலே சங்கிலியை மாட்டினான். ராஸ்முசன் கையைத் தாழ்த்தியதும் எல்லாம் ஒரே மூச்சாக இழுத்தன. அம்மாடி, அந்த வீடு நிமிர்ந்த அழகை என்னவென்று சொல்வேன்! ஒரு பக்கமாக மெதுவாக எழுந்து, நேராகி, கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

நேர்கோட்டில் இழுத்ததால் வாசற்கதவு சோளக்கொல்லையைப் பார்த்தது, சமையலறைக் கதவு சாலையைப் பார்த்தது. திருப்பி வைக்க வேண்டுமே என்று எமில் தவித்தார். எப்படியும் எல்லாரும் சமையலறை வழியாகத்தானே வரப்போகிறார்கள் என்று கோரின் சொல்லிவிட்டாள். சோதிக்க வந்தவர் சுவர் சுவராகத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. கடன் வந்தது.

குடிபுகுந்த அன்று நான் அவள் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். எமிலின் வண்டி வந்து நின்றது. வாழ்நாள் முழுக்கத் திறந்த கதவல்லவா, பழக்கத்தில் குமிழைத் திருகினார். கதவு கொஞ்சம் திறந்தது. பிறகு அவரே அதை மெதுவாக இழுத்து மூடினார்.

அப்புறம் அவர் தட்டினார்.

கோரின் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், தன் வீட்டுக் கதவைத் திறந்தாள்.

"உள்ள வாங்க எமில். காபி இருக்கு."