கபிரியேலின் நேர்த்தி

பண்டாரவளையில் பெட்டரி வேலைக்கு மொஹிதீனை விட்டால் ஆளில்லை என்பார்கள். அப்படிச் சொல்பவர்களில் முதல் ஆள் மொஹிதீன்தான். அந்தப் பெருமையோடுதான், 1959 கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, நமுனுகுல சரிவில் இருந்த ஒரு தோட்டத்துக்குப் போனார். தோட்டத்து லொறியின் பெட்டரி மூன்று வாரத்தில் மூன்று தடவை செத்துவிட்டது. காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லித் தோட்ட மானேஜர் தொரை ஆளனுப்பியிருந்தார்.

லொறிக் கொட்டகைக்குள் போன பிறகுதான் விஷயத்தின் பாரம் தெரிந்தது. டிரைவர் கபிரியேல் முகம் மழித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. முதல் தடவை பெட்டரி செத்த அந்த விடியற்காலை அவன் மனைவி இருதயம்மாவுக்குப் பிரசவ வலி. தொழிலாளர் லயத்து ஜனமே கூடி லொறியைத் தள்ளியது. இரண்டாம் வளைவில் எஞ்சின் பிடிப்பதற்குள் ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. பதுளை ஆஸ்பத்திரி வாசலை மிதிக்குமுன் தாயும் போனாள், பிள்ளையும் போனது.

"எது பெட்டரியத் திங்குதுன்னு எனக்குத் தெரியணும், மொஹிதீன் நானா," என்றான் கபிரியேல். "லயத்துல பக்கத்துக் காம்பரா பாக்கியலெட்சுமிக்கும் மாசம் நெறஞ்சிருச்சு. அவளுக்காச்சும் வண்டி கெளம்பணும்."

"கண்டுபுடிச்சிருவோம், தம்பி."

மொஹிதீன் பெட்டரியிலிருந்து தடித்த கம்பியைக் கழற்றி, இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன பல்பை மாட்டினார். எல்லா சுவிட்சும் அணைத்திருக்கும்போது அது எரியக் கூடாது. எரிந்தால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது. பல்ப் மங்கலாக எரிந்தது.

ஹோர்ன் கம்பியைப் பிடுங்கினார். எரிந்தது. முன் விளக்குகளைப் பிடுங்கினார், டைனமோவைக் கழற்றினார். பல்ப் அசையவில்லை. ஒவ்வொரு கம்பிக்கும் கபிரியேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். பாவம், அவனுக்கு ஒரு பகையாளி வேண்டியிருந்தது. டைனமோ என்றாலும் சரி, அதையாவது திட்டித் தீர்த்திருப்பான்.

கடைசியில் மொஹிதீன் டிரைவர் ஆசனத்தில் ஏறினார். எதிரே வேளாங்கண்ணி மாதா படம். அதன் கீழே சிவப்பாக ஒரு குட்டி பல்ப், பகல் வெளிச்சத்தில் எரிவதே தெரியாமல் எரிந்துகொண்டிருந்தது.

"இது எப்பலேருந்து?"

"இருதயம்மா முழுகாம இருக்கான்னு தெரிஞ்ச அன்னைக்கு நேர்ந்துகிட்டது, நானா. அதுக்கு முந்தி ரெண்டு புள்ள தவறிருச்சே. இது பொறக்குற வரைக்கும் அணையக் கூடாதுன்னு சுவிச்சு வெக்காம நேரா பெட்டரியிலயே குடுத்தேன். இப்ப முப்பதாம் நாள் பூசை வரைக்கும் அவளுக்காக எரியட்டும்னு விட்டுருக்கேன்."

மொஹிதீன் மனதுக்குள் நாட்களை எண்ணிப் பார்த்தார். லொறி தினமும் ஓடியவரை விளக்கு குடித்ததை டைனமோ நிரப்பிவிட்டிருக்கும். மூன்று வாரத்துக்கு முந்திய அடைமழையில் மண் சரிந்து பாதை மூடி, லொறி நான்கு நாள் கொட்டகையில் நின்றது. பாதை திறந்த மறுநாள்தான் இருதயம்மாவுக்கு வலி வந்தது.

"ஒரு பிளேன்டீ கொண்டு வாங்க, தம்பி," என்று அவனை அனுப்பிவிட்டு, மாதா விளக்கின் கம்பியைப் பிடுங்கினார். வெளியே அவர் மாட்டிய பல்ப் அணைந்தது. திரும்பச் சொருகினார். எரிந்தது.

கபிரியேல் தேத்தண்ணியோடு வந்தபோது, டைனமோவில்தான் கோளாறு, சரிசெய்துவிட்டேன் என்றார். அதோடு விட்டிருக்கலாம். பாக்கியலெட்சுமியின் நினைப்பு விடவில்லை.

"மாதாவ மட்டும் வீட்டுக்குக் கொண்டு போயிருங்க."

"ஏன் நானா?"

"தொரை விரும்ப மாட்டாரு."

"அந்த பல்பக் குடுத்ததே தொரைதானே."

மொஹிதீன் குனிந்து தன் சாவிகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டார். கபிரியேல் கோப்பையைக் கீழே வைத்தான். தானே ஏறி அந்தக் கம்பியைப் பிடுங்கி, வெளியே எட்டிப் பார்த்தான். சொருகிப் பார்த்தான். மறுபடியும் பிடுங்கினான். பிறகு சொருகவில்லை.

"வீட்டுல ஒரு மெழுகுதிரி கொளுத்துனா போதும்னுதான் அவ சொன்னா," என்றான். "நான்தான் கேக்கல."

மொஹிதீன் அன்று ஊருக்குத் திரும்பவில்லை. பெட்டரியை நிரப்பி, லொறியை இரண்டு நாள் ஓட்டாமல் நிறுத்திப் பார்த்தால்தான் நிச்சயம் என்று தொரையிடம் சொல்லித் தங்கிவிட்டார். எத்தனையோ வண்டிகளைக் கிளப்பிய மனிதர், அந்த ஒரு லொறி மட்டும் கிளம்பாமல் போகட்டும், மாதா விளக்கைத் தவிர வேறு ஏதாவது குற்றவாளியாக இருக்கட்டும் என்று இரண்டு நாளும் மனதுக்குள் மன்றாடினார். பாக்கியலெட்சுமியை நினைத்ததும் அந்த மன்றாட்டும் பாவமாகப் பட்டது.

திங்கட்கிழமை காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். கபிரியேல் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட்டரை ஒரே தடவை அழுத்தினான். லொறி உடனே கிளம்பியது. அவன் ஸ்டியரிங்கில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு, எஞ்சின் சத்தத்துக்கு மேலாக அழுதான்.