பற்றவைப்பின் மேல் மூன்று விரல்

எங்கள் கடலோர ஊரான அக்தாவில் எது கெட்டாலும் பழி கடல்காற்றுக்குத்தான். அன்று திரையைப் பார்த்ததும் நானும் அதைத்தான் திட்டினேன். அணு உலைக் கழிவை அடைத்த எவர்சில்வர் உருளைகளை இடம் மாற்றுகிறோம்; தூக்கும் முன் சோதிப்பது என் வேலை. நான் அனுப்பிய குட்டி ரோபோ, முதல் உருளையின் பற்றவைப்பில் கிளை கிளையாக விரிசல் காட்டியது.

காற்றில் வந்த உப்பு என்றால் எங்கும் படிந்திருக்கும். இது பக்கம் பக்கமாக மூன்று கறை. உருளைகளைச் செய்த பட்டறையில் மூன்று விரலால் கொழுப்பைத் தடவுகிறவன் என் கணவன் ஒரின்பெக் ஒருவன்தான்.

புதிதாக எதைச் செய்தாலும் ஆட்டு வால் கொழுப்பைத் தொட்டுத் தடவி வாழ்த்தாவிட்டால் எங்கள் ஆட்களுக்குக் கை அரிக்கும். அவனிடம் இருந்தது உப்பில் போட்ட கொழுப்பு. பற்றவைத்த இடம் உள்ளுக்குள் இழுபட்டுக்கொண்டே இருக்கும். உப்பும் கழிவின் சூடும் சேர்ந்தால் துருவே காட்டாமல் பிளக்கும். தெரிந்தால் அவனுக்குச் சிறைதான்.

யாரோ கொழுப்புத் தடவியிருக்கிறார்கள் என்று மட்டும் மேலாளர் கென்னதியிடம் சொன்னேன். யார் என்றான். பட்டறையில் பலர் இருந்தார்கள் என்று மழுப்பினேன்.

"முதல் பிள்ளைக்குத்தானே உங்க சடங்கெல்லாம்? அந்த முதல் உருளைய ஓரங்கட்டு, அடுத்தத தூக்கலாம்."

வெட்கமில்லாமல் அந்தப் பேச்சைப் பிடித்துத் தொங்கினேன். ஒன்றுதான் என்றால் சரிசெய்துவிடலாம், பேரே வெளிவராது. பட்டறைக்குப் பின்னால் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒரினிடம் ஓடி, முதல் உருளைக்கு மட்டும்தானே என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிடேன் என்று மனசு கெஞ்சியது.

"எல்லாத்துக்கும்தான் ஜானில். ஒண்ணுக்குத் தடவிட்டு மத்ததை எப்படி விடுறது? பாவம் இல்லியா?"

உருளைகள் இருந்த பக்கம் கிரேன் முனகத் தொடங்கியது. தான் தடவியதுதான் கேடு என்று என் முகத்தைப் பார்த்தே அவனுக்கு விளங்கிவிட்டது. கோப்பையைப் போட்டுவிட்டு ஓடினான். தலைத்துணியை வீசிக் கத்திக்கொண்டே நானும் ஓடினேன். தரையைவிட்டு எழும்பிய உருளைக்கு நேர் கீழே ஒரின் போய் நின்றுகொண்டான்.

கிரேன் நின்றது. எல்லா உருளையிலும் கொழுப்பு இருக்கிறது என்று ஒரின் சொன்னான். எவன் தடவினான் என்று கென்னதி கேட்டான்.

ஒரின் கையைத் தூக்கினான். அந்தக் கையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். என் பலமெல்லாம் சேர்த்து இழுத்தும் அது இறங்கவில்லை.