கூப்பிடக் கூடாத பேர்

நாய் செய்ய வேண்டிய வேலையை நாற்பது நாளாகப் பொன்னுத்தாய் செய்துகொண்டிருந்தாள். ஆடு வரப்பு தாண்டினால் ஓடி மறிப்பது, பின்தங்கினால் விரட்டுவது, வாழைத் தோட்டத்துப் பக்கம் தலையைத் திருப்பினால் குறுக்கே போய் நிற்பது, எல்லாம் அவள்தான். நாய் வரப்பின் மேல் உட்கார்ந்து அவள் ஓடுவதை வேடிக்கை பார்த்தது. அதுவும் சும்மா தெருநாய் இல்லை. மணப்பாறை வட்டாரத்தில் ஆடு வளைப்பதற்கு அதை விட்டால் ஆள் கிடையாது என்று சந்தையில் பேசிக்கொண்ட நாய். கூப்பிட்டால் போதும், அறுபது ஆட்டையும் ஒரே வீச்சில் சுற்றி வளைத்துக் கொண்டுவந்து காலடியில் நிறுத்தும். கூப்பிடுவதில்தான் சிக்கல்.

மணப்பாறைப் பக்கத்துக் காடுகளில் புல் கருகிவிட்டால் கிடைக்காரர்கள் ஆட்டை ஓட்டிக்கொண்டு காவிரிக் கரைக்கு வந்துவிடுவார்கள். அறுப்பு முடிந்த வயலில் ராத்திரி ஆட்டை அடைத்துப் போட்டால் வயல்காரருக்கு எரு, கிடைக்காரருக்கு நெல். அந்த வருஷமும் பொன்னுத்தாயும் அவள் புருஷன் அழகிரியும் ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே மேலூரில், ரெங்கராஜ் என்பவரின் வயலில் கிடை போட்டிருந்தார்கள். வந்த நாலாம் நாளே அழகிரியின் உள்ளங்காலில் கருவேல முள் ஏறிச் சீழ் வைத்துக்கொண்டது. திருச்சி பெரிய ஆஸ்பத்திரியில் கீறிக் கட்டுப் போட்டு, ஆறுகிற வரைக்கும் காலைத் தரையில் ஊன்றக் கூடாது, ஊன்றினால் காலையே எடுக்கும்படி ஆகும் என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து அவன் ஓலைக் கூண்டுக்குள் படுத்துக்கொண்டு பேச்சால் ஆடு மேய்த்தான். ஒரே மகள் வள்ளிக்கண்ணு துவரங்குறிச்சியில் கைக்குழந்தையோடு இருந்தாள். உதவிக்கு வேறு நாதி இல்லை.

நாய் வந்த கதை தனி. அது அழகிரியின் அண்ணன் ராமர் வளர்த்த நாய். அப்பன் ஆட்டைப் பங்கு பிரித்தபோது கொம்புக் கிடாய் தம்பி பங்குக்குப் போய்விட்டது. ஒரு கிடாய்க்காகக் கூடப் பிறந்தவனோடு பேச்சை முறித்துக்கொண்ட மனுஷன் ராமர். முறித்ததோடு விட்டாரா? அந்த வாரமே ஒரு செவலை நாய்க்குட்டியைத் தூக்கி வந்து அதற்கு அழகிரி என்று பேர் வைத்தார். மணப்பாறை மாட்டுச் சந்தையில் ஊரே கூடியிருக்கும்போது, தம்பி பக்கத்தில் நிற்கிறான் என்று தெரிந்துகொண்டே, "டேய் அழகிரி! எச்சி எலையில வாய வைக்காதடா!" என்று தொண்டை கிழியக் கத்துவார். சந்தை சிரிக்கும். தம்பி முறைத்தால், "நான் என் நாயக் கூப்பிட்டேன், உனக்கு எங்க வலிக்குது?" என்பார். ஆறு வருஷம் இந்தக் கூத்து நடந்தது.

சித்திரை மாதம் காய்ச்சலில் ராமர் போய்ச் சேர்ந்தார். அவர் பெண்சாதி, பழசையெல்லாம் மறந்து, "இத வச்சு மேய்க்க எனக்குத் தெம்பு இல்ல, நீங்களே பாத்துக்கங்க" என்று ஆட்டை அழகிரியிடம் ஒப்படைத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போனாள். ஆட்டின் பின்னாலேயே நாயும் வந்துவிட்டது. அழகிரியின் சொந்த நாய் பூதா தை மாதம்தான் திண்டுக்கல் ரோட்டில் லாரியில் அடிபட்டுச் செத்திருந்தது. நாய் தேவைதான். ஆனால் அந்தப் பேர்?

"அந்தப் பேரச் சொல்லி யாரும் இத இங்க கூப்பிடக் கூடாது. சொல்லிப்புட்டேன்" என்றான் அழகிரி.

"யாரு கூப்பிடப் போறா? நானா கூப்பிடப் போறேன்?" என்றாள் பொன்னுத்தாய்.

அவள் எப்படிக் கூப்பிடுவாள்? கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அந்தப் பேர் அவள் வாயில் வந்ததில்லை. பேரை விடுங்கள், அழகு என்ற சொல்லைக்கூடச் சொல்ல மாட்டாள். பேத்தியைத் தூக்கிக் கொஞ்சும்போதுகூட, "நல்லாருக்கா, லட்சணமா இருக்கா" என்றுதான் சொன்னாள். ஓட்டுப் பட்டியல் எழுத வந்தவர் புருஷன் பேரைக் கேட்டபோது, "சித்திரையில ஆத்துல எறங்குற சாமி பேரு" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அவள் அம்மா சொல்லியிருந்தாள். அதை அவள் சடங்குக்காக நம்பவில்லை, நெருப்பு சுடும் என்பதை நம்புகிற மாதிரி நம்பினாள். இப்போது அவன் காலில் புண்ணோடு கிடக்கிறான். இந்த நேரத்தில் போயா சொல்வாள்?

ஆகவே புதுப் பேர் தேடினார்கள். கிடை நாய்க்குப் பேர் வைப்பது பிள்ளைக்குப் பேர் வைப்பதைவிடக் கஷ்டம் என்று அழகிரி நம்பினான். பேர் சின்னதாக இருக்க வேண்டும். முடியும்போது வாய் திறந்து நீண்டு முடிய வேண்டும், அப்போதுதான் எதிர்க்காற்றிலும் போய்ச் சேரும். கிடை போடுகிற ஊரில் எந்தப் பெரிய மனிதருக்கும் அந்தப் பேர் இருக்கக் கூடாது. வயல்காரர் பேரைச் சொல்லி நாயைத் திட்டினால் அடுத்த வருஷம் அந்த வயலில் கால் வைக்க முடியாது. ஸ்ரீரங்கத்திலோ தடுக்கி விழுந்தால் பெருமாள் பேர்க்காரர் மேல்தான் விழ வேண்டும். இதையெல்லாம் கழித்துவிட்டு அவன் படுத்தபடியே ஒவ்வொரு பேராகச் சொல்ல, பொன்னுத்தாய் வயலில் நின்று கூப்பிட்டுப் பார்த்தாள். வீரா என்றாள், சூரா என்றாள், வேட்டை என்றாள். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ் நாய்களைப் போல ஜிம்மி என்றும் கூப்பிட்டாள். நாய் ஒரு காதை மட்டும் தூக்கிவிட்டு மறுபடி முகத்தைக் காலுக்குள் புதைத்துக்கொண்டது. அவள் பழைய சோற்றை உருண்டை பிடித்துக் காட்டி, "வீரா, வா" என்றால் வந்து தின்றது. தின்று முடித்ததும் வீரா செத்துப்போனான்.

ஒரு நாள் வயலைப் பார்க்க வந்த ரெங்கராஜ், "நாய் ஜோரா இருக்கே, என்ன பேரு?" என்று கேட்டார். பொன்னுத்தாய் பேசவில்லை.

"சரி, உங்க வீட்டுக்காரர் பேரு என்ன? ரசீதுல எழுதணும்."

அதற்கும் அவள் பேசவில்லை.

"என்னம்மா இது, உங்க வீட்டுல யாருக்குமே பேரு கெடையாதா?" என்று அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிப்பதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அவள் குதிகால் இரண்டும் வெடித்து, இடுப்பு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. ரெங்கராஜ் போகிறபோது, மேட்டூர் அணையைத் திறந்துவிட்டதாக டீக்கடையில் பேப்பர் படித்தார்கள் என்று கூண்டுக்குள் இருந்த அழகிரியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் கஞ்சி ஊற்றும்போது பொன்னுத்தாய் வாயைத் திறந்தாள்.

"ஏங்க, நீங்களே ரெண்டு நாளைக்கு அத அதோட பேர வச்சுக் கூப்பிடுங்களேன். நம்ம கொரலு பழகிடுச்சுன்னா அப்புறம் வேற பேருக்கு மாத்திக்கலாம்."

"என்னைய நானே நாயின்னு கூப்பிடணுமா? செத்தவன் எந்திரிச்சு உக்காந்து சிரிப்பான்."

"அப்ப ஆட்ட வித்துடுங்க. என்னால முடியல."

அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. சட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் முடியவில்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"ஆனி பொறக்கட்டும், கால் ஆறிடும்" என்றான். "மேட்டூர்த் தண்ணி இங்க வந்து சேர மூணு நாளாகும். நாளைக்கு ஆத்துல எறக்கி மேய விடு. திட்டுல பச்சையா கெடக்கு. அங்க வரப்பும் இல்ல, வாழையும் இல்ல. நீ ஓட வேணாம், உக்காந்துக்கலாம்."

அவளுக்காகத்தான் சொன்னான். ஆனால் டீக்கடைப் பேப்பர் முந்தின நாள் பேப்பர், அதிலிருந்த சேதி அதற்கும் முந்தின நாள் சேதி. அழகிரி தான் கேட்ட நாளிலிருந்து எண்ணினான்.

மறுநாள் காலையில் பொன்னுத்தாய் ஆடுகளோடு காய்ந்த மணலைக் கடந்து நடு ஆற்றுத் திட்டுக்குப் போனாள். முழங்கால் உயரத்துக்குக் கோரை. ஆடுகள் தலை நிமிராமல் மேய்ந்தன. நாய் திட்டின் கிழக்குக் கோடியில், நாணல் நிழலில் போய்ப் படுத்தது. அவள் முந்தானையைத் தலைக்கு மடித்து வைத்து உட்கார்ந்தாள். எத்தனை நாளாயிற்று இப்படி உட்கார்ந்து! கண்ணை மூடியது தெரியும், தூங்கியது தெரியாது.

கிடாய் கத்திய சத்தத்தில் விழித்தாள். கரைக்கும் திட்டுக்கும் நடுவே, காலையில் அவள் நடந்து வந்த பள்ளத்தில், சருகும் நுரையுமாகப் புதுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பதறி எழுந்து இறங்கிப் பார்த்தாள். முழங்காலுக்கு இருந்தது. இன்னும் கடக்கலாம், இன்னும் கொஞ்ச நேரம்தான் கடக்கலாம்.

கிடாயின் கொம்பைப் பிடித்துத் தண்ணீரில் இழுத்தாள். முன்னால் ஒன்று போனால் மற்றது பின்னால் வரும் என்று நினைத்தாள். செம்மறி ஓடுகிற தண்ணீரைக் கண்டால் வருமா? எல்லாம் மிரண்டு திரும்பித் திட்டின் அந்தக் கோடிக்கு ஓடின. கிடாயை விட்டுவிட்டு அவள் சுற்றிக்கொண்டு அந்தக் கோடிக்குப் போனால் இந்தக் கோடிக்கு ஓடின. மூன்று தடவை ஓடினாள். நாலாம் தடவை மணலில் விழுந்தாள். எழுந்தபோது கோரையின் அடியெல்லாம் நனைந்துகொண்டிருந்தது. கரையில் ஆள் நடமாட்டமே இல்லை.

நாய் எழுந்து நின்று அவளையே பார்த்தது. காது இரண்டும் விறைத்திருந்தன. அது சோம்பேறி இல்லை, தயாராகத்தான் நின்றது. அதற்கு ஒரு சொல் வேண்டும், அவ்வளவுதான்.

"வீரா! வீரா! ஏய் ந்தா, போ, போயி வளை!"

நாய் அசையவில்லை. பள்ளத்தில் தண்ணீர் தொடைக்கு ஏறிவிட்டது. இரண்டு குட்டிகள் தாயைத் தேடிக் கத்தின. ராமர் பெண்சாதி நம்பி விட்டுப்போன ஆடு, தன் ஆடு, எல்லாம் அந்தத் திட்டில் நின்றன. கூண்டுக்குள் புண்ணோடு கிடக்கிறவனும் அவள் கண்ணுக்குள் வந்தான். மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, பொன்னுத்தாய் வாயைத் திறந்தாள்.

"அழகிரீ!"

முதல் தடவை குரல் எழும்பவில்லை. இரண்டாம் தடவை அவளுக்கே காது அடைத்தது. மூன்றாம் தடவை அடிவயிற்றிலிருந்து வந்தது. இருபத்திரண்டு வருஷமாக உள்ளே இருந்த பேர் அல்லவா, நிற்கவில்லை. "அழகிரீ! டேய் அழகிரீ! ஓடியாடா!"

கண்ணைத் திறந்தபோது நாய் பறந்துகொண்டிருந்தது. திட்டின் விளிம்பைச் சுற்றி ஒரு வளைவு, குதிகாலில் ஒரு கடி, பக்கவாட்டில் ஒரு பாய்ச்சல். சிதறி நின்ற ஆடுகள் ஒரே கட்டாகித் தண்ணீரில் விழுந்து நீந்தின. நாயும் பின்னாலேயே குதித்தது. குட்டிகள் இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மார்பளவுத் தண்ணீரில் அவள் கடைசியாக வந்தாள். ஆடுகள் கரையேறி உடம்பை உதறின. எண்ணிப் பார்க்க அவளுக்குச் சக்தி இல்லை. மணலில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். பேரைச் சொல்லிவிட்டேனே, ஆட்டுக்காக அவரைக் கொடுத்துவிட்டேனே என்ற ஒரே நினைப்புதான்.

அப்போது கரை மேட்டில் ஒரு உருவம் தெரிந்தது. கையில் ஊன்றுகோல் இல்லை. ஊன்றக் கூடாத காலை ஊன்றி ஊன்றி, பாதி ஓட்டமும் பாதி விழுவதுமாக அழகிரி சரிவில் இறங்கி வந்தான். கட்டு அவிழ்ந்து பின்னால் இழுபட்டது. அவள் பக்கத்தில் வந்து விழுந்து, அவள் தோளையும் கையையும் தடவித் தடவிப் பார்த்தான்.

"என்ன ஆச்சு? உனக்கு என்ன ஆச்சு?"

"எனக்கு ஒண்ணும் ஆகல."

"பேரச் சொல்லிக் கூப்பிட்டியே. சாகப் போறப்பதான் நீ கூப்பிடுவேன்னு நெனச்சு ஓடியாறேன்."

பொன்னுத்தாய் அவனைப் பார்த்தாள். உயிரோடு இருந்தான். மூச்சு வாங்கியது, வேர்த்துக் கொட்டியது, காலில் ரத்தம் வடிந்தது. ஆனால் உயிரோடு இருந்தான்.

"நாயக் கூப்பிட்டேங்க" என்றாள்.

ஈரம் சொட்ட நாய் வந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது. அழகிரி ஆற்றைப் பார்த்தான். திட்டு இப்போது ஒரு முழ அகலத்துக்குத்தான் தெரிந்தது. பிறகு ஆடுகளை மெதுவாக எண்ணினான். எல்லாம் இருந்தன. நாயின் தலையில் ஒட்டியிருந்த சருகை எடுத்துப் போட்டான்.

"கூண்டுக்கு ரெண்டு பர்லாங்கு இருக்கும். எதிர்க்காத்து வேற" என்றான் கடைசியில். "நல்லாத்தான் கேட்டுச்சு. இருந்துட்டுப் போகட்டும் அந்தப் பேரே."

அவள் முந்தானையைக் கிழித்து அவன் காலைச் சுற்றத் தொடங்கினாள்.

"ஆனா நீ கூப்பிட்டா எனக்கா, அதுக்கான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?" என்றாள் பொன்னுத்தாய். முடிச்சை இறுக்கினாள். "நாப்பது நாளா நான் ஒருத்தியே ஓடுறேன். ரெண்டுல யாராச்சும் ஒருத்தர் வந்தாப் போதும் எனக்கு."

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். அழகிரி ஒரு கையை நாயின் கழுத்திலும் ஒரு கையை அவள் முதுகிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.