அத்தானின் விமானத்துக்கு வந்த குளிர்ஜுரம்

இரண்டே பேர் உட்காரக்கூடிய அந்தக் குட்டி விமானம் வந்து நின்றபோது, அத்தானின் மூக்குக்கண்ணாடி மடியில் கிடந்தது. பல்செட் சட்டைப்பையில் இருந்தது. இன்ஜின் உதறிய உதறலில் தொண்டைக்குள் போய்விடுமோ என்று பாதி வானத்திலேயே கழற்றி வைத்துக்கொண்டாராம்.

"மச்சான், ஒரு குடம் தயிரோட மேல போயிருந்தா வெண்ணெயோட இறங்கியிருப்பேன்டா!" என்றார், பல்லை மாட்டிக்கொண்டே.

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் அந்த இன்ஜினைக் கடைசித் திருகாணி வரை பிரித்து மறுபடி பூட்டியது அவர் கைதான். முதல் மாதம் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல ஓடியது. மழை பிடித்த இந்த மாதம் குளிர்ஜுரம் கண்டதுபோல நடுங்குகிறது. மேலே போய்வருவது யார்? கூடப்பிறந்த அக்காவின் புருஷன்.

"என் கைவேலையில தப்பு இருந்தா, இனி ஆள் ஏறிப் பறக்கிற எதையும் தொடமாட்டேன்க்கா."

"அதெல்லாம் அப்புறம். முதல்ல சாப்பிடு" என்றாள் அக்கா. அவர் சாப்பிடவில்லை.

நாலு நாள் கொட்டகைத் தரையில் புரண்டார். ஸ்பார்க் பிளக்குகளைத் துடைத்துத் துடைத்து அவை அரை சுற்று இளைத்தே போயின. இன்ஜினைத் தாங்கும் ரப்பர்களைக் குழந்தையின் கன்னத்தைப்போல அழுத்திப் பார்த்தார். நாலு சிலிண்டர்களின் அழுத்தத்தையும் அளந்தார். எல்லாம் சரியாகவே இருந்தது. அதுதான் அவரைக் கொன்றது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என்ன குற்றமென்றே தெரியாத நெஞ்சு அதைவிட ஒன்பது மடங்கு குறுகுறுக்கும்.

மிச்சமிருப்பது இன்ஜினின் வயிறு. அதைப் பிரிக்க, முதலில் மூக்கிலிருக்கும் இரட்டை இறக்கை மரப் புரொப்பெல்லரைக் கழற்ற வேண்டும். கழற்றினார்கள். தரையில் வைத்தால் கீறல் விழும் என்று, நடுத்துளையில் ஒரு கம்பியைச் செருகி, இரண்டு மேசைகளுக்கு நடுவே தொங்கவிட்டார் மெக்கானிக்.

யாரும் தொடாமலே புரொப்பெல்லர் மெல்லச் சுற்றி, ஒரு இறக்கை கீழே போய் நின்றது.

அவர் மறு இறக்கையைக் கீழே திருப்பிவிட்டார். அது மேலேறியது. பழைய இறக்கையே கீழே வந்தது. பத்து தடவை திருப்பினார். பத்து தடவையும் அதே கதை.

"அத்தான், ஒரு பக்கம் கனம்! அதான் சுத்தும்போது உதறுது! தண்ணி குடிச்சிருக்கு! நிறுத்தும்போது இதைப் படுக்கவசமாத்தானே விடுறீங்க?"

"நான் படுக்கவசமாத்தான்டா விடுறேன்" என்ற அத்தான், மெதுவாக அக்கா பக்கம் திரும்பினார்.

அக்கா நெற்றியைத் தடவினாள். "போன மாசம் கொட்டகையைப் பெருக்கும்போது இது நச்சுனு இடிச்சிடுச்சு. அதான் தினமும் நெட்டுக்குத்தா நிமிர்த்தி வச்சேன். அந்தக் கம்பெனி முத்திரை இருக்கிற பக்கத்தை மேல வச்சுதான். எழுத்து தலைகீழா நின்னா நல்லாவா இருக்கும்?"

"ஒரு மாசமா ஒரே பக்கம் கீழ! மரத்துல இருக்கிற ஈரமெல்லாம் அந்தப் பக்கம் இறங்கிடுச்சுக்கா!"

"நான் என்னடா கண்டேன்? எனக்குத் தலை முக்கியம்."

"உன் தலைக்கு வந்தது என் பல்லோட போச்சு" என்றார் அத்தான்.

இன்ஜினைப் பார்க்காத கண் இல்லை. அதன் மூக்கைப் பார்க்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. பயந்தவர் தன் கை பட்ட இடத்தை மட்டுமே தோண்டிக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் புரொப்பெல்லரை உலர்ந்த அறையில், புதுமாப்பிள்ளையைப்போலப் பாய் விரித்துப் படுக்கவைத்தார்கள். எட்டாம் நாள் மறுபடி கம்பியில் தொங்கவிட்டார் மெக்கானிக். எப்படி விட்டாரோ அப்படியே நின்றது. சாய்த்து விட்டார், சாய்ந்தபடியே நின்றது. அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"தப்பு என் கையில இல்லக்கா" என்றார்.

பூட்டி முடித்ததும், அத்தானின் பக்கத்து இருக்கையில் தானே ஏறிக்கொண்டார். விமானம் ஓடியது, எழுந்தது, மேகத்துக்குக் கீழே வழுக்கிக்கொண்டு போனது. பதினோரு ராத்திரி கண்மூடாத மனுஷன், ஊர் கண்ணுக்கு மறைவதற்குள் தலை சாய்ந்து தூங்கிப்போனார்.

கீழிருந்த அக்கா ரேடியோவில் கேட்டாள்: "என்னங்க, அதிருதா?"

"இன்ஜின் இல்லடி. உன் தம்பியோட குறட்டை."