கண்ணாடி போட்ட பாம்பும் உச்சிக் கழியும்

1

இந்தக் கதை நான் சொன்ன ஒரு பொய்யில் பிறந்தது. மாவு மில்லில், சோளம் அரைபடக் காத்திருந்த பெண்கள் முன்னால் சொன்ன பொய். பச்சைச் சட்டைக்காரர்கள் எங்கள் மேட்டுக்கு வந்து, புல்கூரை வீட்டுக்காரர்களுக்கெல்லாம் கைப்பேசியில் பணம் போடுகிறோம், திருப்பித் தர வேண்டாம், எதற்கு வேண்டுமானாலும் செலவழியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போன வாரம் அது.

"பணம் வந்த ஏழாம் நாள் கதவைத் திறந்தா, நாற்காலியில ஒரு பாம்பு சுருண்டு உக்காந்திருக்கும்" என்றேன். "மூக்குக் கண்ணாடி போட்டிருக்கும். 'காசை என்னம்மா பண்ணினீங்க'ன்னு மரியாதையாத்தான் கேக்கும். பதில் சரியில்லைன்னா முழுங்கிடும்."

பெண்கள் சிரித்தார்கள். அபோண்டி மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் பச்சைச் சட்டைக்காரர்களிடம், தன் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

[முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: "ஏரியின் மேல் மழைமேகம் திரண்டபோது, இரண்டு விதவைகள்—" அடித்துவிட்டேன். அவர்கள் விதவைகளா இல்லையா என்பதுதான் கதையே. முதல் வரியிலேயே உளறக் கூடாது.]

2

அபோண்டி மூத்தவள், அமோலோ இளையவள். இருவருக்கும் ஒரே புருஷன், ரபூடோ. வேலை தேடிக் கிசுமு நகரத்துக்குப் பேருந்து ஏறினான். பன்னிரண்டு வருஷமாகிறது. ஆளும் இல்லை, சேதியும் இல்லை, பிணமும் இல்லை.

மூத்தவள் வீட்டுப் புல்கூரையின் உச்சியில் ஒரு கழி நிற்கிறது. வீட்டுக்குடையவன் உயிரோடிருக்கும்வரை அது நிற்கும். அவனைப் புதைக்கும்போது பிடுங்கிவிடுவோம். ரபூடோவை யாரும் புதைக்கவில்லை. ஆகவே கழி நிற்கிறது, சற்றே சாய்ந்து, அவனைப் போலவே.

[நான் ஒருமுறை அவனைக் கிசுமு பேருந்து நிலையத்தில் பார்த்ததாகச் சொன்னேன். அவித்த முட்டை விற்றுக்கொண்டிருந்தான் என்றேன். யாரும் நம்பவில்லை. நம்பாததற்கு அவர்களிடம் நூறு காரணங்கள் இருந்தன. நூறும் நான் முன்பு சொன்ன கதைகள்.]

இன்னொரு விஷயம். மூத்தவள் வீட்டுக்குப் புதுக்கூரை ஏறாமல் இளையவள் வீட்டுக்கு ஏறக் கூடாது. மீறினால் உடம்பு உருகி ஓடாகிவிடும். இது நான் கட்டியது அல்ல.*

* நான் கட்டிச் சொல்வதில் பெரும்பாலும் ஒரு மிருகம் இருக்கும்.

அமோலோ பணத்தை வாங்கிக்கொண்டாள். இருபது தகரம் வாங்கினாள். அவை அவள் சோளக்குதிரில் சாய்ந்து வெயிலில் பளபளத்தன. போன மழையில் புல்கூரை ஒழுகி அவள் வீட்டுப் பின்பக்க மண்சுவர் சரிந்தது. மகள் நியார் படுத்திருந்த பாயிலிருந்து ஒரு முழம் தள்ளி விழுந்தது. ரபூடோ பேருந்து ஏறியபோது அமோலோ வயிற்றில் விட்டுப்போன பிள்ளை அவள். சுவரைப் பூசி நிமிர்த்திவிட்டார்கள். அடுத்த மழைக்கு இரண்டு வாரம். மூத்தவள் பணத்தைத் தொட மாட்டாள். மூத்தவள் கூரை மாறாமல் இளையவள் கூரை மாறாது. சுவர் இன்னொரு மழைக்குத் தாங்காது.

என் பாம்பு அந்தச் சுவர்மேல்தான் படுத்திருந்தது.

3

இந்த இடத்தில் ஒரு நல்ல எழுத்தாளன் வருத்தப்படுவான். நான் சந்தேகப்பட்டேன்.

சந்தேகம்தான் எங்கள் மேட்டில் பொய்க்காத விளைச்சல். விதை கொடுத்தவன் அறுவடையில் பங்கு கேட்டான். உப்புக் கொடுத்தவன் ஓட்டுக் கேட்டான். வேதப்புத்தகம் கொடுத்தவன் எங்கள் பெயர்களையே கேட்டு வாங்கிக்கொண்டு வேறு பெயர் கொடுத்தான். ஒன்றுமே கேட்காமல் கொடுப்பவன் கடைசியில் எதைக் கேட்பான்? இந்தக் கேள்வி என் பாம்புக்கு முன்பே இங்கே இருந்தது. நான் அதற்குக் கண்ணாடி மட்டும்தான் மாட்டினேன்.

பணத்தைக் கொடுத்தால் குடித்துத் தீர்ப்பார்கள் என்று தூரத்தில் சிலர் சொல்கிறார்களாம். குடித்தது ஒருவன். அவன் முன்பும் குடித்தான். மற்றவர்கள் ஆடு வாங்கினார்கள், பள்ளிக்குக் கட்டினார்கள், ஒருத்தி பல் பிடுங்கிக்கொண்டாள். இதில் கதை கிடையாது. சந்தோஷமாகச் செலவழித்தவர்களை வைத்து யாரால் எழுத முடியும்?

என்னையும் சந்தேகப்படுங்கள். எனக்குப் பணம் வரவில்லை. என் மகன் எப்போதோ போட்ட தகரக்கூரை, சல்லடையாகிவிட்டது. ஆனாலும் தகரம் தகரம்தான். அதன்மேல் இரண்டு நாள் புல் வேய்ந்து பார்த்தேன். கணக்கெடுக்க வந்த பையன் ஒரு விரலால் புல்லைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு தாத்தா" என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்கு மூன்றாம் நாள்தான் மில்லில் பாம்பு வந்தது.

ஆகவே பொய்க்குக் காரணம் விளையாட்டு என்று நான் மேலே— இல்லை, மேலே அப்படி எழுதவில்லை. எழுத நினைத்தேன்.

4

அமோலோ என் முற்றத்துக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பெரியவரே, உங்க பாம்பை வந்து கூட்டிட்டுப் போங்க."

"எந்தப் பாம்பு?"

"கண்ணாடி போட்டது. அது எங்க அக்கா வீட்டுலயே தங்கிடுச்சு. மழை வர்றதுக்குள்ள கெளம்பச் சொல்லுங்க."

"உங்க அக்கா அதை நம்புறாளாம்மா?"

அமோலோ கொஞ்ச நேரம் என் கூரையின் ஓட்டைகளை எண்ணுவது போலப் பார்த்தாள்.

"நம்புறாளோ என்னமோ. எனக்குப் புதுக்கூரை வரக் கூடாதுன்னு இருக்காளோ என்னமோ. சக்களத்தி மனசுல பூந்து பாக்க நான் என்ன கரையானா?"

[அபோண்டியை வெறும் பொறாமைக்காரியாக எழுதிவிட்டால் கதை அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். எழுதியும் பார்த்தேன். "பொறாமை அவள் கண்ணில்—" என்று தொடங்கி நிறுத்தினேன். போன வருஷம் அமோலோ காய்ச்சலில் கிடந்தபோது பதினோரு நாள் உகாளி என்ற சோளக்களி கிண்டிக் கொண்டுபோனவள் அவள். பொறாமைக்காரி மூன்று நாள் கிண்டலாம். பதினோரு நாள் முடியாது.]

5

அபோண்டி வலையை விரித்து ஓமேனா காயவைத்துக்கொண்டிருந்தாள். விரல் நீளம்கூட இல்லாத அந்த மீன்கள் ஆயிரம் கண்களால் என்னைப் பார்த்தன.

"அபோண்டி, ஒரு உண்மை சொல்ல வந்தேன்."

"உக்காரு. மொத தடவை. கால் நடுங்கும்."

"அந்தப் பாம்பு… அது பொய்."

"ஓய் ஒகேலோ, பாம்புக்கு ஏது மூக்கு, கண்ணாடி நிக்க? மில்லுலயே தெரியும்."

"அப்ப ஏன் பணத்தை வேண்டாங்கறே?"

அவள் ஒரு பிடி மீனை எடுத்துத் தள்ளிப் போட்டாள். பிறகு தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். சாய்ந்த கழிமேல் ஒரு காக்கை.

"புல்லைப் பிரிச்சா அதையும் எறக்கணும்" என்றாள். "தகரத்துல அதுக்கு எடம் இல்ல. எறக்கினா அவன் செத்தான்னு அர்த்தம். என் கையால நான் அவனைக் கொல்லணுமா, ஒரு கூரைக்காக?"

நானும் ஒரு பிடி மீனை எடுத்துத் தள்ளிப் போட்டேன். இதை யாராவது நம்புவீர்களா?

"கழின்னு சொன்னா ஊரே பாவம்னு பாக்கும். பாம்புன்னு சொன்னா சிரிச்சிட்டுப் போயிரும். உன் பாம்பு எனக்கு ஒத்தாசை. அதைக் கொல்லாதே."

"அமோலோ சுவரு விழுந்திரும்."

"தெரியும்" என்றாள். அன்று மாலை நியார் பாயைச் சுருட்டிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் படுக்கப் போவதைப் பார்த்தேன்.

6

கழி விஷயத்தை அமோலோவிடம் நான் சொல்லவே இல்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. [சொன்னேன்.]

நான்காம் நாள் அவள் ஒரு தகரத்தைத் தலையில் சுமந்துகொண்டு மூத்தவள் முற்றத்தில் இறக்கினாள். தகரத்தின் நடுவே ஒரு வட்ட ஓட்டை, கரண்டிக்காம்பு அல்ல, கைத்தடி நுழையும் அளவுக்கு.

"எதுக்குடி நல்ல தகரத்தைக் கெடுத்தே?" என்றாள் அபோண்டி.

"அவருக்கு எடம் விட்டிருக்கேன். உச்சியில இதை வச்சா கழி நேரா நிக்கும்க்கா. இப்ப நிக்கறதை விட நேரா."

"ஒழுகுமே."

"பன்னண்டு வருஷமா ஒழுகத்தானே செய்யுது."

அபோண்டி ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தாள். ஓரம் கையைக் கிழிக்காமல் மடித்து அடித்திருந்தது.

"உன் தகரமெல்லாம் என் வீட்டுக்குப் போனா உனக்கு?"

"நீ உன் பேரை எழுதச் சொல்லிப் பணத்தை வாங்கு. அதுல எனக்குத் தகரம் வாங்கு. மொதல்ல உன் வீடு, பொறகு என் வீடு. மொறை மாறல, ஒருத்தரும் உருகிப் போக வேண்டியதில்ல."

"ஆனா கழி கீழ எறங்கக் கூடாது. தரையில படக் கூடாது. பிரிக்கும்போதும் சரி, போடும்போதும் சரி, நிமிந்தே இருக்கணும்."

"யார் புடிச்சிட்டு நிப்பா, நாள் முழுக்க?"

இரண்டு பேரும் திரும்பி, முற்றத்தோரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார்கள். பாம்புக்கு இதுதான் தண்டனை என்று அப்போதே எனக்குச் சந்தேகம் வந்தது. இன்றும் இருக்கிறது.

அப்படியாக, காலையில் பையன்கள் புல்லைப் பிரித்தபோது, வீட்டின் நடுவில் ஒரு பீப்பாய்மேல் ஏறி, கழியை இரண்டு கையாலும் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுற்றிலும் சுவர், தலைக்கு மேல் வானம். நண்பகலில் பச்சைச் சட்டைக்காரர்களின் ஆள் வந்தாள். பணம் எப்படிச் செலவாகிறது என்று கேட்டு எழுதும் பெண். மூக்குக் கண்ணாடி போட்டிருந்தாள். அபோண்டி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"இந்தத் தாத்தா என்ன பண்றார்?" என்றாள் அந்தப் பெண்.

"எங்க புருஷனைப் புடிச்சிட்டிருக்கார்" என்றாள் அமோலோ.

அந்தப் பெண் கையிலிருந்த தொடுதிரைப் பலகையைத் தடவித்தடவிப் பார்த்தாள். அதற்கான கட்டம் அதில் இல்லை. கடைசியில் "வீடு" என்று போட்டுக்கொண்டாள்.

7

மாலைக்குள் தகரம் ஏறிவிட்டது. உச்சித் தகரம் கடைசியாக உட்கார்ந்ததும் உள்ளே இருட்டானது. நடுவில் ஓட்டை வழியாக ஒரு கம்பளவு வெளிச்சம் மட்டும் என் முகத்தில் விழுந்தது. ஏரிப்பக்கம் இடி. "மேல தள்ளுங்க தாத்தா, மழை வருது!" என்று கூரைமேலிருந்து கத்தினார்கள். வெளியே அமோலோ நியாரோடு மீதிப் புல்லை அள்ளிக்கொண்டிருந்தாள்.

அபோண்டி பீப்பாயருகே வந்து நின்றாள்.

"ஒகேலோ. முட்டை வித்தான்னு சொன்னியே. அது பாம்பா, நெசமா?"

கழியின் நுனி ஓட்டைக்கு ஒரு சாண் கீழே இருந்தது.

"பொய்னா கழியை எங்கிட்டக் குடு. அழுதுட்டுப் பொதைச்சிருவோம். நெசம்னா மேல தள்ளு. ஆனா ஒண்ணு சொல்லிட்டுத் தள்ளு. அவன் நல்லா இருந்தானா?"

[முடிவு ஒன்று: ரபூடோ அதே நேரம் மழையில் நனைந்து வாசலில் வந்து நிற்கிறான். கையில் முட்டைக்கூடை. எழுதிப் பார்த்தேன், என் கதைகளிலேயே மோசமானது.]

[முடிவு இரண்டு: "பொய்" என்கிறேன். கழி இறங்குகிறது. இரண்டு பெண்களும் அழுகிறார்கள், அப்பாடா என்று தூங்குகிறார்கள்.]

[முடிவு மூன்று: "நெசம்" என்கிறேன். அவன் உயிரோடிருக்கிறான், வரவில்லை. கழி ஏறுகிறது. அவள் வாழ்நாள் முழுவதும் அதற்குக் கீழே—]

கை வலித்தது. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, வெளிச்சம் என்மேல்தான் விழுந்தது. வாழ்க்கையில் ஒரே ஒருமுறை, என் வாயைப் பார்த்துக்கொண்டு, நான் சொல்வதை அப்படியே நம்பத் தயாராக ஒரு ஆள் நின்றாள். நான் சொன்னேன். பிறகு கழி எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் போனது.

எந்தப் பக்கம் என்று இங்கே எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நம்பினாலும் தப்பு. ஒரு மழைநாளில் எங்கள் மேட்டுக்கு வாருங்கள். இளையவள் வீட்டிலும் தகரம் ஏறிவிட்டது. சுவர் நிற்கிறது, தொட்டுப் பாருங்கள். மூத்தவள் வீட்டு நடுவில் ஒரு பானை இருக்கும், சொட்டுச் சொட்டாக நீர் விழும். கழி நின்றாலும் அந்த ஓட்டை ஒழுகும், நிற்காவிட்டாலும் ஒழுகும். பானையைப் பார்த்து ஒன்றும் தெரியாது.

வெளியே வந்து, நனைந்துகொண்டு, அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.